விளையாட்டின் மேல் போட்ட பழி

டிரைவர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். டிப்போவில் டிரைவர், தெருவில் டிரைவர், வீடியோ கேம்களைப் பற்றி அவர் எழுதிவந்த வலைப்பூவிலும் டிரைவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்றால், டிப்போ ஓய்வறையிலிருந்துதான். இரண்டு டிரிப்புக்கு நடுவே மற்றவர்கள் பெஞ்சில் குறட்டை விடுவார்கள். இவர் கையடக்க கேம் கருவியோடு மூலையில் உட்கார்ந்துவிடுவார். எந்த விளையாட்டு வரப்போகிறது, எது தள்ளிப்போகிறது, எந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது என்று எழுத ஆரம்பித்து வருஷங்கள் ஓடிவிட்டன. டிப்போவில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. வெளியே ஏதோ கொஞ்சம் பேர் படித்தார்கள். அதில் முட்டைக்கோஸ் என்ற பெயரில் வருகிற ஒருவன் மட்டும் ஒரு பதிவையும் விடாமல் பதில் போடுவான்.

விமர்சனம் என்று வந்துவிட்டால் டிரைவரிடம் தயவுதாட்சண்யம் கிடையாது. 'ரோட்டுப் பக்கமே போகாதவன் போட்ட ரோடு' என்று ஒரு கார் விளையாட்டைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைத் தனியாக விற்கிற கம்பெனிகளை அவர் வீட்டில் திட்டியது அச்சில் வரக்கூடிய திட்டு அல்ல. ஆனால் நியாயமான மனிதர். முழுக்க விளையாடாமல் ஒரு வரி எழுதமாட்டார்.

அப்படிப்பட்டவர் வரிசையாக மூன்று விளையாட்டுகள் மேல் ஒரே குறையைச் சொன்னார். பட்டனை அழுத்தினால் உடனே கேட்பதில்லை. எதிரி வாளை ஓங்கும்போது குதிக்கச் சொன்னால், நம் ஆள் வெட்டு வாங்கிய பிறகு சாவகாசமாகக் குதிக்கிறான். முதலில் வீட்டு டிவியோடு இணைத்த பட்டன் கருவியான கன்ட்ரோலரைச் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார். தோற்றால் பட்டன் மேல் பழியைப் போடுவது உங்கள் வழக்கம்தானே என்று மனைவி சீண்டினாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. புதிய கன்ட்ரோலரிலும் அதே கதைதான்.

அந்தச் சமயத்தில் பேருந்திலும் ஒரு சங்கடம் நடந்தது. சைக்கிள் ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டும் வண்டி தள்ளிப் போய்த்தான் நின்றது. சைக்கிள்காரன் தப்பிவிட்டான். உள்ளே நின்றிருந்த ஒரு பெண்மணி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். பிரேக் சரியில்லை என்று டிரைவர் புகார் கொடுத்தார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். வேலை தெரியாதவர் என்று டிரைவர் அவரை மனசுக்குள் வைதார்.

மூன்றாவது விமர்சனத்துக்குக் கீழே முட்டைக்கோஸ் பணிவாகத்தான் எழுதியிருந்தான். "அண்ணே, எனக்கு டக்குனு கேக்குதே. போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்துப் பாருங்க. கையும் திரையும் ஒண்ணா தெரியணும். லேட்டு எங்கன்னு தெரிஞ்சிடும்."

டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனியைக் கையும் களவுமாகப் பிடித்துப் பதிவில் போட்டே தீர்வது என்று, விடுமுறை நாள் மதியம் மனைவியைத் தோளுக்குப் பின்னால் நிறுத்திப் போனைப் பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் விளையாடினார். பிறகு இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

எதிரி மெல்ல வாளைத் தூக்கினான். டிரைவருடைய வலது கட்டைவிரல் பட்டன்மேல் சும்மா இருந்தது. வாள் உச்சிக்குப் போயிற்று. விரல் அப்போதும் சும்மா இருந்தது. வாள் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் விரல் லேசாக நடுங்கி அழுத்தியது. அழுத்தியதும் ஆள் குதித்தான். விளையாட்டில் ஒரு குறையும் இல்லை.

தூக்கக் கலக்கமாக இருக்கும், இன்னொரு தடவை எடுப்போம் என்றாள் மனைவி. எடுத்தார்கள். வேறு விளையாட்டு, பழைய கன்ட்ரோலர் என்று மாற்றி மாற்றி எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் அந்த வலது விரல்தான் பிந்தியது. டிரைவருக்கு அந்தப் பெண்மணியின் முட்டி நினைவுக்கு வந்தது.

நடுக்குவாதத்தில் நடுங்குகிற கையால் மருந்துச்சீட்டை நீட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் மனைவி. இதற்கு என்ன மாத்திரை கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த மாத்திரையால் இது போய்விடாது என்பதும் தெரியும். அதனால்தான் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. டாக்டர பாக்கலாம், மாத்திர போட்டுக்கலாம். பொண்ணு படிப்ப முடிக்கிற வரைக்கும் வாயத் தெறக்காதீங்க. விரல் தானே, காலுக்கு என்ன?"

சரி என்று சொல்லிவிடத்தான் அவருக்கும் ஆசை. வேறு தொழில் தெரியாது. தெரிந்த ஒன்றில் கெட்ட பேரும் வாங்கியதில்லை. அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தால்தான் தான் ஒரு ஆள் என்ற நினைப்பே அவருக்கு வரும். ஆனாலும் கேட்டார்.

"நாளைக்கு நம்ம பொண்ண என் வண்டில காலேஜுக்கு அனுப்புவியா?"

மனைவி போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள்.

சாயங்காலம் அவர் மூன்று விமர்சனங்களையும் திருத்தினார். தாமதம் என் கையில்தான், விளையாட்டில் இல்லை, செய்தவர்கள் மன்னிக்கவேண்டும் என்று எழுதிவிட்டு அந்த விளையாட்டுகளுக்குக் கொடுத்திருந்த மதிப்பெண்களை உயர்த்தினார். வழக்கமாகப் பத்து வரி எழுதும் முட்டைக்கோஸ் "அண்ணே" என்று மட்டும் போட்டிருந்தான். இணையத்தில் சொல்லிவிட்டார். டிப்போவில் சொல்வதா என்பதை மட்டும் அவரால் முடிவுசெய்ய முடியவில்லை.

காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, எப்போதும்போல் டிப்போ நண்பர் ஒருவர் ஓட்டுகிற முதல் பஸ்ஸில் டிப்போவுக்குக் கிளம்பினார். டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டாப் வரும்போதெல்லாம் தானே பிரேக் போடுவதுபோல் தரையில் வலது காலை அழுத்தினார். முதல் ஸ்டாப்பில் சரியாக இருந்தது. அடுத்ததிலும் சரியாகவே இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, மனைவி சொன்னதுதான் சரி, பயந்து போய்க் கெடுத்துக்கொள்ளப் பார்த்தோம் என்று நினைத்தார். நண்பரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார்.

சந்து முனையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் பாய்ந்து குறுக்கே வந்தது. வண்டி நின்றது. நின்றவர்கள் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். ஸ்கூட்டர்காரன் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுப் போனான். அதற்கப்புறம்தான் பின்சீட்டில் இருந்த டிரைவருடைய கால் தரையை மிதித்தது.

டிப்போவில் இறங்கியதும் அவர் ஓய்வறைப் பக்கம் திரும்பாமல் மேனேஜர் அறைக்குப் போனார்.