வாயில் முளைத்த நெல்

மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணுக்கு முன்னால் அந்தப் படம்தான் என் கண்ணில் பட்டது.

காலையில் கடலூரிலிருந்து கிளம்பி, சிதம்பரத்தில் நடராஜரைக் கும்பிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தோம். ஹால் சுவரில் பெரிய படம். வெடித்துக் கிடந்த வயலில் ஒரு பெண் கண் மூடிப் படுத்திருக்கிறாள். அவள் வாயிலிருந்து நெற்பயிர் கிளம்பி, கதிர் முற்றிச் சாய்ந்திருக்கிறது. கூந்தல் முழுக்கப் பலாப்பழம். வானமோ வயலுக்குக் கீழே இருந்தது.

“எம்பொண்ணு வரைஞ்சது. கனவுல வர்ற மாதிரி வரையறதாம், சர்ரியலிசம்னு சொல்லுது,” என்றார் பெண்ணின் அப்பா.

கிட்டே போய்ப் பார்த்தேன். படுத்திருப்பவளின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. உயிரோடு இருப்பவருக்கு யார் அப்படிக் கட்டுவார்கள்?

நாத்தனார் என் காதருகே குனிந்தாள். “அண்ணி, அது வாய்க்கரிசிதான். மருமவளா வந்து நாளைக்கு உங்களயும் வரைஞ்சி மாட்டிடப் போவுது.”

“சும்மா இரு. பழமெல்லாம் இருக்குதே, செழிப்புக்கு வரைஞ்சிருக்கும்.”

சொன்னேனே தவிர மனசு ஒப்பவில்லை. காபி கொண்டுவந்த பெண்ணை என் மகனுக்குப் பிடித்துவிட்டது. “அம்மா வேணாம்னா வேணாம்,” என்று முடிவை என்னிடம் விட்டுவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். இவ்வளவு விளைச்சலையும் கொண்டுபோய் ஒரு பிணத்தின் மேல் வைக்கிற மனசு எப்படிப்பட்டதாக இருக்கும்? அவளுடைய லட்சணமான முகத்தைக்கூட நம்ப முடியவில்லை.

கேட்டுவிட்டேன். “இது யாரும்மா?”

“எங்கம்மா, அத்தை. அவுங்க போனப்ப நான் ஆறாவது படிச்சேன். என்னையும் வாய்க்கரிசி போடச் சொன்னாங்க. இது மொளைக்குமான்னு கேட்டேன். யாரோ அதட்டுனாங்க.”

“அரிசி எப்பிடிம்மா மொளைக்கும்?”

“மொளைக்காது அத்தை. அதான் இதுல நெல்லா போட்டுட்டேன்.”

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். “பலாப்பழம் எதுக்கு?”

“அம்மாவுக்குக் காடாம்புலியூருங்க. ஊரு பூரா பலா மரந்தான்.”

சந்தேகம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். கட்டிய அந்த விரல்களை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் பெண்ணின் அப்பா, “சாப்புட்டுட்டுப் போவலாமே,” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சம்மதம் சொல்லாத வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. அது அவருக்கும் தெரியும்.

“எல போடும்மா,” என்றேன் அவளிடம். “ஆனா இந்தப் படத்த நம்ம வீட்டுச் சாமி ரூமு பக்கம் மாட்டக் கூடாது.”

“ஹால்ல மாட்டலாமா அத்தை?”

நாத்தனார் என் கையைக் கிள்ளினாள்.

“மொதல்ல எலையப் போடு,” என்றேன்.