தரகர் நடராசாவும் பொருந்தாத கதிரும்

கொடிகாமம் கலியாணத் தரகர் நடராசா வாழ்நாளில் ஒரு பொய்யும் சொன்னதில்லை. உண்மைக்குக் கொஞ்சம் பவுடர் பூசி அனுப்புவார், அவ்வளவுதான். வழுக்கை விழுந்த மாப்பிள்ளை அவர் வாயில் 'ஏறுநெற்றி, யோகக்காரன்' ஆவார். கட்டைப் பெடியன் என்றால் 'எந்த வாசலிலையும் தலை இடிபடாதவன்'. வாயே திறக்காத ஒருவரை 'அளந்து கதைக்கிற பிள்ளை' என்று சொல்லி மிருசுவிலில் கட்டிக்கொடுத்தார். அந்தப் பெண் பிறகு அவரைச் சந்தையில் கண்டபோது, "அண்ணை, உவர் இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கிறார். கதைக்கிறது எப்பவாம்?" என்று கேட்டாள்.

அவரிடம் கொப்பி கிடையாது. தென்மராட்சியில் பாதிப் பேரின் நட்சத்திரம், யாருக்குச் செவ்வாய் எங்கே நிற்கிறது, எந்த வீட்டுக்காரர் எந்த வீட்டுக்காரரோடு முகம் கொடுப்பதில்லை, எல்லாம் தலைக்குள்தான். "கொப்பியிலை எழுதி வைச்சால் பேந்து கொப்பியைத்தான் கூப்பிடுவினம். என்னை ஏன்?" என்பார்.

அந்தத் தலைக்குள்தான் இப்போது கூப்பிடாத விருந்தாளிகள் வந்து குந்தியிருந்தார்கள். போன வருடம் நுரையீரலில் வந்த புற்றுநோய் மூளைக்கும் பரவிவிட்டது. ஸ்கான் படத்தில் பெரிதாக இரண்டு கட்டி, பொடிப்பொடியாகச் சில.

டொக்டர் லவீனா இளம் பெண். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "முழுத் தலைக்கும் கதிர்ச் சிகிச்சை குடுக்கலாம் ஐயா. சில கட்டி கதிருக்கு அடங்கும், சிலது அடங்காது. அடங்குதோ இல்லையோ, ஞாபகசக்தி மங்கிற பயம் ஒண்டு இருக்கு. அடங்குமோ எண்டு முன்கூட்டியே அறிய இரத்தத்திலை ஒரு புரதத்தைப் பாக்கிறாங்கள். அது கூடுதலாய் இருந்தால் கட்டி பிடிவாதக்காரன். இன்னும் ஆராய்ச்சி மட்டத்திலைதான் இருக்கு. விருப்பமெண்டால் உங்கடை இரத்தத்தையும் அனுப்புவம்."

நடராசாவின் முகம் மலர்ந்தது. "அப்ப இது சாதகக் குறிப்புப் பாக்கிறதுதானே, பிள்ளை? கட்டிக்கும் கதிருக்கும் பொருத்தம். கதிர் வெளிநாட்டு மாப்பிள்ளை, என்ன?"

"குறிப்பு இல்லை ஐயா. இரத்தம்."

"அதுக்குப் பேர் என்ன?"

"எஸ் நூறு ஏ ஒன்பது."

"ஏ ஒன்பதோ! அது எங்கடை கண்டி ரோட்டின்ரை நம்பரெல்லோ! அதிலை நான் சைக்கிள் ஓடாத நாளில்லை. கட்டாயம் எடுங்கோ!"

பகிடி விட்டாரே தவிர, அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வீடு வீடாக நட்சத்திரம் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் மனைவி குணலட்சுமி. "இஞ்சாருங்கோ, என்ன முணுமுணுக்கிறியள்?"

"எல்லாரும் உள்ளுக்கை இருக்கினமோ எண்டு பாக்கிறன்."

சாவைவிட அந்தக் கூட்டம் கலைந்து போவதே அவருக்குப் பெரிய பயம். கதிர் வேலை செய்யும் என்றால் தலையைக் கொடுக்கலாம். செய்யாது என்றால் தலையும் போய், நோயும் நிற்கும்.

சில வாரங்களில் முடிவு வந்தது. புரதம் கூடத்தான் இருந்தது. "பொருந்தேல்லை ஐயா," என்று போனில் நடராசாவின் பாஷையிலேயே சொன்னார் லவீனா. "மிச்சத்தைக் கிழமைக் கடைசியிலை கதைப்பம்."

அந்த ஒரு சொல்லால்தான் வினை வந்தது. எங்கள் பக்கத்தில் சம்மந்தம் வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சீதனம் போதாவிட்டாலும், மாப்பிள்ளை குடித்தாலும், 'குறிப்பு பொருந்தேல்லையாம்' என்பார்கள். நடராசாவே எத்தனையோ வீட்டுக்கு இதைச் சொல்லியிருக்கிறார். சிவகௌரி என்கிற தாய் தன் மகனுக்குப் பெண் தேடிக் களைத்துப்போனாள். ஒவ்வொரு முறையும் இதே பதில்தான் சொல்லி அனுப்பினார்.

"பொருந்தேல்லையாம்! எனக்கே சொல்லுறா," என்று வீட்டில் பொருமினார். "கிழவனிலை ஏன் மிஷினை வீணாக்குவான் எண்டு நினைச்சிட்டினம். நேரை சொல்ல வெக்கம்."

"டொக்டர் ஏனப்பா பொய் சொல்லப்போறா?"

"பொய்யில்லையடியப்பா, மரியாதை!"

உண்மைக் காரணத்தை அறிய அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கையில் பழத்தோடு போய் இருந்து கதை பிடுங்குவது. கிழமைக் கடைசியில் ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் லவீனாவின் மேசையில் ஏறியது.

"இப்ப சொல்லுங்கோ பிள்ளை. எங்களிலை என்ன குறை?"

லவீனா முழித்தார். விஷயம் விளங்கியதும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஐயா, எனக்கும் போன வருசம் ஒரு இடத்திலை பொருந்தேல்லையாம். எனக்கு அது விளங்கும். இது அதில்லை. பொருந்தேல்லை எண்டால் பொருந்தேல்லைதான். நாளைக்கு உங்களைப்போல வேறை ஒராளுக்குப் பொருந்தினால் அவருக்குக் குடுப்பம்."

"வயசு காரணமில்லை?"

"இல்லை."

"காசு?"

"இது அரசாங்க ஆஸ்பத்திரி ஐயா."

நடராசா சரிந்திருந்த மாம்பழப் பையை நிமிர்த்தி வைத்தார். தன் நாற்பது வருடத் தொழிலில் அந்தச் சொல்லை அதன் சொந்த அர்த்தத்தில் அவர் கேட்டது இதுதான் முதல்முறை. பயமாக இருந்தது. ஆனால் காலுக்குக் கீழே நிலம் தட்டுப்பட்டதுபோலவும் இருந்தது.

"அப்ப இனி?"

"வேறை வழி பாப்பம். இந்த இரத்தத்தை மட்டும் நம்பிச் சொல்லேல்லை, படத்தையும் சேர்த்துத்தான் யோசிச்சனாங்கள். பெரிய ரெண்டுக்கும் மட்டும் குறிபார்த்துக் கதிர் குடுக்கலாம், கொழும்பிலை. மிச்சத்துக்குக் குளிசை மருந்து. சுகமாகும் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் முழுத் தலையையும் தொடமாட்டம்."

"அப்ப ஆக்கள் உள்ளுக்கை இருப்பினம்."

"ஆர் ஐயா?"

"ஊர்ச்சனம்," என்றார் நடராசா. "நான் கொழும்புக்குப் போறன் பிள்ளை. மாம்பழம் இருக்கட்டும். லஞ்சமில்லை, பொருந்தின சாமான்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில் போன் அடித்தது. சிவகௌரி.

"என்ன அண்ணை, சாவகச்சேரிப் பொம்பிளை வீட்டார் என்ன சொல்லுகினம்?"

'குறிப்பு' என்று வாய் தானாகவே தொடங்கியது. நடராசா நிறுத்தினார். குணலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"குறிப்பு நல்லாப் பொருந்துது, தங்கச்சி. முந்திப் பாத்ததுகளும் பொருந்தினதுதான். உன்ரை நாக்குக்குத்தான் எல்லாரும் பயப்பிடுகினம்."

மறுபக்கம் சத்தமில்லை. போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தார். இல்லை, அளந்துகொண்டிருந்தாள்.

"இவ்வளவு நாளும் ஏன் அண்ணை சொல்லேல்லை?" குரல் தாழ்ந்திருந்தது. "சரி... அப்ப இனி?"

"வேறை வழி பாப்பம்," என்றார் நடராசா. "கொழும்பாலை வந்து கதைக்கிறன். பொம்பிளை வீட்டுக்கு அடுத்த முறை நான் மட்டும் போறன். நீ வராதை."