திருவான்மியூர் மணலில் ஒரு நிச்சயதார்த்த ஊர்வலம்

கத்திரி வெயிலில் கடற்கரை ஷூட்டுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே, கேமராவைப் பிறகு பார்க்கலாம், முதலில் காலைப் பாருங்கள். தி.நகரில் ஸ்டூடியோ வைத்து எத்தனையோ கல்யாணம் எடுத்தவள் நான். திருவான்மியூர் மணலில் ஒரு நிச்சயதார்த்தமே நின்றுபோகப் பார்த்தது.

அன்று புதன்கிழமை. விடிந்ததும் கடற்கரையில் ஷூட், பதினொரு மணிக்கு மயிலாப்பூர் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். பெண் வைஷ்ணவி, மாப்பிள்ளை கார்த்திக், பெண்ணின் அம்மா கோமளா மாமி, என் லைட்மேன் யூசுப் பாய், நான்.

"செருப்பெல்லாம் ஃப்ரேம்ல விழப்படாது. வேன்லயே வெச்சுடுங்கோ," என்றார் மாமி. வைத்தோம். போன்களும் அங்கேயே. டிரைவர் வேனோடு டிபன் சாப்பிடப் போனவர் போனவர்தான்.

அலையோர ஈர மணல் ஜில்லென்று இருந்தது. மாமிக்கு ஒரு படமும் பிடிக்கவில்லை. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு என்றே பத்து மணி ஆகிவிட்டது. காய்ந்த மணலில் கால் வைத்த கார்த்திக், வைத்த வேகத்தில் அலைக்குள் ஓடினான். பார்க்கப் போன யூசுப் பாயும் குதித்துக்கொண்டே திரும்பினார்.

"இன்னா மேடம் இது, தோசைக்கல்லு மாரி கீது. ரோடு எங்கயோ கீது."

கரையில் ஈ காக்கை இல்லை. ஷூட்டுக்குக் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ் பேனர் மட்டும் இருந்தது. ஒரு பாதியில் மாப்பிள்ளை, மறு பாதியில் பெண். நனைத்து விரித்து நடக்கலாம் என்றேன்.

"கொழந்தைகள் மூஞ்சில காலை வைக்கறதாவது."

"குப்புறப் போட்டுக்கலாம் மாமி," என்றார் யூசுப் பாய்.

அதற்குச் சம்மதித்தார். ஆனால் ஒரே பேனரை வைத்துக்கொண்டு எப்படி முன்னேறுவது? இரண்டாக இருந்தால் ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை முன்னால் போடலாம். நான் பிளேடை எடுத்ததும் மாமி பேனர்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஜோடியைப் பிரிக்கறேளே, நன்னாருக்கா?"

"அம்மா, இதைப் பிரிக்கலேன்னா ராகு காலம் எங்களைப் பிரிச்சுடும். எழுந்துக்கோ," என்றாள் வைஷ்ணவி.

வெட்டினோம். பெண்மேல் நின்று மாப்பிள்ளையை முன்னால் விரிப்பது, மாப்பிள்ளைமேல் ஏறிப் பெண்ணை இழுத்துப் போடுவது. யூசுப் பாய் பாட்டிலில் பிடித்த கடல்நீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். "இடிக்காம நகந்துண்டு வாங்கோ," என்று அதட்டிய மாமிதான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ரோட்டில் வேன் காத்திருந்தது. கார்த்திக் காலில் ஒரு கொப்புளம். காலைத் தெருக்குழாய்த் தண்ணீரில் நன்றாகக் காட்டச் சொன்னேன். டூத்பேஸ்ட், ஐஸ் எதையும் கிட்டே விடவில்லை. ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாறியபோது சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கற்றது இவ்வளவுதான்: செருப்பு காலோடு இருக்க வேண்டும், வெயில் ஏறுமுன் மணலைவிட்டுக் கிளம்ப வேண்டும். கல்யாணத்துக்குப் புது பேனர் வேண்டுமென்று மாமி மறுபடி என்னைக் கடற்கரைக்குக் கூப்பிட்டார். "செருப்பு ஃப்ரேம்ல விழுமே மாமி," என்றேன்.

"விழட்டும்."

கல்யாண மண்டப வாசலில் கட்டிய பேனரில், ஜோடிக்குப் பக்கத்தில் நின்ற மாமியின் அரக்குப் பட்டுக்குக் கீழே நீல ஹவாய்ச் செருப்பு பளிச்சென்று விழுந்திருந்தது.