பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துபோன மாத்திரை

தங்கச்சிமடத்தில் அனிட்டா வீடு எது என்று கேட்டால் உடனே வழி சொல்லமாட்டார்கள். "எதையாச்சும் தொலைச்சுக்கிட்டே இருக்குமே, அந்த அனிட்டாவா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கையை நீட்டிக் காட்டுவார்கள். ரேஷன் கார்டை மூன்று தடவை தொலைத்தவள். கணவன் ஆன்டனி ராஜின் மீனவர் அடையாள அட்டையை, அவன் கடலுக்குப் புறப்படுகிற நேரம் பார்த்துத் தொலைத்தவள். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய், குழாயடியில் யாரோ சொன்ன கதையில் உட்கார்ந்துவிட்டு, கருகல் வாடை வந்ததும் "எவ வீட்டுலயோ குழம்பு தீயுது" என்று சொன்னவளும் அவள்தான்.

சோம்பேறி, பொறுப்பில்லாதவள், கூறு கெட்டவள் என்று ஊர் அவளுக்கு வைக்காத பெயர் இல்லை. சரியான பெயரைச் சொன்னவர் மதுரையில் இருக்கும் டாக்டர் அமுதவள்ளி. பள்ளியில் ஓர் இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள் என்று மகளைத்தான் அவரிடம் கூட்டிப் போயிருந்தாள். மகளைப் பற்றி டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் "ஆமா டாக்டர், நானும் அப்படித்தான்" என்று அனிட்டா சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறாவது கேள்வியில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த தடவை நீங்க உங்களுக்காக வாங்க" என்றார். ஏடிஹெச்டி. சிறு வயதிலிருந்தே இருப்பது, மூளை கவனத்தைப் பிடித்துவைக்கத் தடுமாறுவது, திமிரும் இல்லை சோம்பலும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று பஸ்ஸில் பாம்பன் பாலம் வருகிறவரைக்கும் அனிட்டா அழுதாள். வருத்தத்தில் அழவில்லை. முப்பத்தாறு வருஷம் சும்மா வாங்கிக்கட்டிக்கொண்ட திட்டுகளை நினைத்து ஆத்திரத்தில் அழுதாள்.

ஏப்ரல் நடுவில், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அதே வாரத்தில், அவளுக்கு மாத்திரை தொடங்கியது. தினம் ஒன்று, எழுந்தவுடன்.

அவளுக்கு வேலை மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில். அவித்த நண்டை உடைத்துச் சதையைப் பிரித்து ட்ரேயில் வைப்பார்கள். அந்தச் சதையை விளக்கு வெளிச்சத்தில் விரலால் தடவி, மிச்சம் கிடக்கும் ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி எடுப்பது செக்கிங் மேஜையின் வேலை. சில்லு அரிசிக் குருணை அளவுகூட இருக்காது. அது வெளிநாட்டுக்காரன் பல்லில் மாட்டினால் பெட்டியெல்லாம் திரும்பி வரும். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு நண்டு வந்துகொண்டிருந்ததால் கம்பெனி ஓடியது. மாத்திரை போட ஆரம்பித்த இரண்டாம் வாரம், சதை பிரிக்கும் பக்கம் இருந்த அனிட்டா அடுத்தவர் ட்ரேயிலிருந்த சில்லுகளையும் போகிற போக்கில் எடுத்துக் காட்டத் தொடங்கினாள். சூப்பர்வைசர் மருதுபாண்டி அவளைச் செக்கிங் மேஜைக்கு மாற்றினான். நயினார்கோவில் பக்கத்துக்காரன், அவளைவிட நாலு வயது இளையவன்.

"உங்க விரல்லயே கண்ணு இருக்குக்கா" என்றான்.

வேலையை வைத்து அவளை ஒருவர் புகழ்ந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. இந்த மேஜையை இனி எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அனிட்டா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

ஜூன் நடுவில் தடை முடிந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போயின, நண்டு குவிந்தது, மூன்று மணிக்கு முடிந்த வேலை ஐந்தரைக்கு நீண்டது. ஜூலையில் அனிட்டா பார்த்த ட்ரேக்களில் சில்லு தென்பட ஆரம்பித்தது. மதியம் ஆனால் போதும், தலைக்குள் பழைய சந்தைக்கடை திறந்துவிடும். விரல் சதையில் இருக்கும், மனசு மகளுக்கு வாங்கவேண்டிய நோட்டில் இருக்கும், அங்கிருந்து குளிர்பெட்டி உறுமலுக்குத் தாவும். ஒரே வாரத்தில் அவள் பார்த்த மூன்று ட்ரே திரும்பி வந்தது.

"இன்னொண்ணு வந்துச்சுன்னா நீங்க தரை கழுவுற பக்கம் போயிருங்கக்கா. எனக்கு மேலயும் ஆள் இருக்காக" என்றான் மருதுபாண்டி.

மாத்திரைச் சங்கதி எப்படியோ கசிந்திருந்ததால் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. உடம்புக்குப் பழகிப்போச்சு, இனிக் கேட்காது என்றார் ஒருவர். அது போதை மாத்திரை, விட்டுத் தொலை என்றார் இன்னொருவர். ஓரியூர் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள் மாமியார். பக்கத்து இருக்கை லீமாரோஸ், பாசத்தில்தான், "ஒண்ணு பத்தலைன்னா ரெண்டாப் போடுடி" என்றாள். அதையும் ஒருநாள் செய்து பார்த்தாள் அனிட்டா. நெஞ்சு தடதடவென்று அடித்தது, கை நடுங்கியது, தூக்கம் போயே போய்விட்டது. டாக்டரைக் கேட்காமல் இனி இந்த வேலை ஆகாது என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். இரண்டாவது மாத்திரை வேண்டவே வேண்டாம், எப்போது போடுகிறாய், எப்போது அதன் பிடி விடுகிறது என்று எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வா என்றார்கள். எழுதுவதாம்! நோட்டு வாங்கினால் நோட்டையே தொலைப்பவள். அதனால் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த பங்குக்கோயில் காலண்டரில் எழுதினாள். சுவரைத் தொலைக்க அவளாலும் முடியாது.

எட்டாம் நாள் காலண்டரைப் பார்த்தவளுக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. படகு கரைக்கு வரும் நாட்களில் பன்னிரண்டு மணிக்கே பிடி விட்டிருந்தது. மற்ற நாட்களில் இரண்டரை, மூன்று வரை தாங்கியிருந்தது. படகு வரும் நாளில் அவள் மூன்றரைக்கே எழுந்து கடற்கரைக்குப் போய், ஆன்டனி ராஜின் படகு வலையிலிருந்து மீனையும் நண்டையும் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கம்பெனிக்குப் போவாள். டாக்டர் சீட்டில் எழுதியபடி, எழுந்தவுடன் மாத்திரை. மூன்றரைக்கு! வலை பிரிக்க அவளுக்கு எந்த மாத்திரையும் தேவையில்லை, கை தன்னால் செய்யும். கவனம் முழுவதையும் கடற்கரையில் இறக்கிவிட்டு மேஜைக்கு வெறுங்கையோடு போயிருக்கிறாள். தடைக்காலத்தில் ஆறரைக்கு எழுந்ததால் இது தெரியவில்லை. 'அட கூறு கெட்டவளே' என்று தன்னையே திட்ட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். கூறு கெட்டவள் இதைக் கண்டுபிடிப்பாளா?

டாக்டர் அமுதவள்ளி காலண்டர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"மூணரைக்கா எந்திரிப்பீங்க? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே டாக்டர். எந்திரிச்சதும்னு எழுதியிருந்தீக. எங்க ஊர்ல படகு வந்தா எந்திரிச்சுத்தான் ஆகணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குப் போடச் சொன்னார், எத்தனை மணிக்கு எழுந்தாலும் சரி. வேலை ஐந்தரை வரை நீள்வதால் மதியம் ஒரு மணிக்குச் சின்ன மாத்திரை ஒன்றும் எழுதினார். ஒரு மணி தவறினால் அன்றைக்கு அதை விட்டுவிடவேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் கெடும் என்றார்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூடத்தில், மருதுபாண்டி அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, மாத்திரை போட்டுக்கிட்டு இந்த மேஜையில உக்காரக்கூடாதுன்னு ஆபீஸ்ல பேசுறாக. அதை நிறுத்திருங்க, இல்ல கழுவுற பக்கம் போங்க."

எப்போதும் 'தம்பி' என்று கூப்பிடுகிறவள் அன்று நிமிர்ந்து நின்றாள். ஓரமாகவும் பேசவில்லை, கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"சார், சாப்பிடுறதுக்கு முன்னால நீங்க சக்கர வியாதி மாத்திரைய எல்லாரு முன்னாலயும்தானே போடுறீக? நாங்க யாராச்சும் உங்கள எந்திரிங்கன்னு சொன்னமா? இப்ப மணி ஒண்ணு. நானும் போடுறேன், எல்லாரும் பாத்துக்கங்க."

போட்டாள். லீமாரோஸ் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இந்த வாரம் பூரா மூணு மணிக்கு மேல வர்ற ட்ரே அத்தனையும் எனக்குத் தாங்க. அதுல ஒரு சில்லு மிஞ்சினாலும் தொடப்பத்த நானே எடுத்துக்கிறேன். மிஞ்சலைன்னா மாத்திரைப் பேச்ச யாரும் எடுக்கக்கூடாது. சம்மதமா?"

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க மருதுபாண்டி வேறு என்ன சொல்வான்? சரி என்றான்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அவள் பார்த்த ட்ரேக்களை அவனே மறுபடி தடவிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை. சனிக்கிழமை நாலே முக்காலுக்கு, காலையில் சரி பார்த்துக் குளிர்பெட்டிக்குள் போன ட்ரே ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தான். அதை ஏன் மறுபடி பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கையுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தடவ ஆரம்பித்தாள். லீமாரோஸ் தன் ட்ரேயை விட்டுவிட்டு இவள் விரலையே பார்த்தாள்.

முதல் சில்லு வந்தது. அடுத்து இரண்டாவது. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. மருதுபாண்டி மூச்சு விட்டுக்கொண்டு ட்ரேயை எடுக்கக் கை நீட்டினான்.

"இருங்க சார்" என்றாள் அனிட்டா. ஓரத்துச் சதையைக் கிள்ளி, இன்னொரு சில்லை எடுத்து மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தாள்.

"நாலா? நான் மூணுதானே போட்டேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். அனிட்டா ட்ரேயில் ஒட்டியிருந்த சீட்டை அவன் பக்கம் திருப்பினாள். அதில் காலையில் சரி பார்த்ததாக அவன் போட்ட கையெழுத்து இருந்தது.

"நாலாவது நீங்க விட்டது சார்" என்றாள்.

மருதுபாண்டி தலையைச் சொறிந்தான். "சரிக்கா. திங்கக்கெழமையும் இந்த மேஜைதான். இப்பவாச்சும் தம்பின்னு கூப்பிடலாம்ல?"

"நாலாவத ரிஜிஸ்டர்ல உங்க பேருக்கு எழுதுங்க. அப்பறம் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு அனிட்டா அடுத்த ட்ரேயை இழுத்தாள்.