ஆட்டுச் சந்தையில் ஒரு படுக்கைச் சைக்கிள்

சடையாண்டியின் முட்டிகள் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. இது அவருக்கும் அவர் மனைவி பழனியம்மாளுக்கும் மட்டுமே தெரிந்த ராணுவ ரகசியம். அய்யலூர் ஆட்டுச் சந்தையில் முப்பது வருஷமாகத் தரகு பார்க்கிறவர் அவர். குத்தவைத்து ஆட்டின் தொடையைப் பிடித்துப் பார்ப்பார். எழுந்திருக்கும்போது கிடாயின் கொம்பைப் பற்றிக்கொண்டு, கொம்பைச் சோதிக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். கொம்பில்லாத ஆடுகளைக் கொஞ்ச நாளாக அவர் சீண்டுவதே இல்லை. ஏன் நொண்டுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் புதுச் செருப்பு கடிக்கிறது என்பார். இரண்டு வருஷமாக அதே செருப்புதான்.

மறைக்கக் காரணம் உண்டு. சந்தையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பத்து நடை நடக்க முடியாத தரகனிடம் எவனும் ஆட்டைக் கொடுக்க மாட்டான். அதிலும் மொக்கைச்சாமி என்று ஒரு போட்டித் தரகர் இருந்தார். விஷயம் அவர் காதில் விழுந்தால் மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவார் என்று சடையாண்டிக்குப் பயம்.

இந்த நிலையில்தான் ரோசலின் கூப்பிட்டனுப்பினார். சிறுமலை அடிவாரத்தில் ஒரு வெள்ளைக்காரரின் தோட்ட வீட்டைப் பார்த்துக்கொண்டவர். வெள்ளைக்காரர் தன் தேசத்துக்கே திரும்பியபோது, எட்டு ஆடுகளையும் இரண்டு விசித்திரமான சைக்கிள்களையும் ரோசலினுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் சாய்வு நாற்காலி. மல்லாக்கச் சாய்ந்துகொண்டு காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். எல்லாவற்றையும் விற்றுத் தரச் சொன்னார் ரோசலின். வேலைக்குப் பயந்தவன் எவனோ கண்டுபிடித்தது என்று சடையாண்டி நினைத்தார். ஆடு சரி, இதையெல்லாம் யார் வாங்குவான் என்று இழுத்தார்.

"நாலு காலு இருந்தா வித்துருவீக. மூணு சக்கரத்த விக்க மாட்டீகளாக்கும்?" என்றார் ரோசலின்.

ரோஷம் வந்துவிட்டது. வண்டியில் ஆடுகளோடு ஒரு சைக்கிளுக்குத்தான் இடம் இருக்கும் என்பதால், சிவப்பா பச்சையா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தனக்குத் தெரிந்த ஒரே முறையில் சடையாண்டி தேர்ந்தெடுத்தார். நடுத்தண்டை அழுத்திப் பார்த்தார். பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார். கடைசியில் பல்லைப் பார்த்தார். பச்சைக்குச் சங்கிலிச் சக்கரத்தில் பல் தேய்ந்திருந்தது. கிழடு, கசாப்புக்குக்கூட ஆகாது என்று ஒதுக்கிவிட்டுச் சிவப்பை ஏற்றினார்.

புதன்கிழமை சாயங்காலம் குட்டி யானை வண்டி புறப்பட்டது. சைக்கிளைக் குறுக்கே வைத்துக் கயிறு போட்டிருந்தார்கள். பைபாஸ் ஏறுவதற்குள் ஒரு கிடாய் நாற்காலியில் ஏறி நின்றுகொண்டது. வடமதுரை வரை அது இறங்கவில்லை. அமைச்சர் பவனி வருகிற தோரணையில் வந்தது. சைக்கிளின் பின்னால் கம்பியில் பறந்த ஆரஞ்சு நிறக் கொடியை வேறொரு ஆடு தின்று முடித்திருந்தது. நாற்காலி முழுக்கப் புழுக்கை. எல்லாவற்றையும் துடைத்து முடிக்கும்போது சடையாண்டி அந்த வெள்ளைக்காரரின் வம்சத்தையே திட்டித் தீர்த்திருந்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் சந்தையில் ஆடுகள் சடசடவென்று விற்றுப்போயின. சைக்கிளைச் சுற்றிக் கூட்டம் மட்டும் நின்றது. ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். சடையாண்டி சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து மிதித்தார். இந்த வண்டி வேட்டி கட்டுகிறவனுக்காகச் செய்ததல்ல என்பது அவருக்கு உறைக்கவில்லை. இரண்டாவது மிதியில் வேட்டி இடுப்புக்கு வந்துவிட்டது. அவருடைய பச்சைக் கோடு போட்ட பட்டாபட்டியை அய்யலூர் சந்தை ஒட்டுமொத்தமாகத் தரிசனம் செய்தது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கறிவேப்பிலை விற்கிற அம்மாள் மட்டும், பாவம் கால் விளங்காதவர் போல என்று, மடியில் பத்து ரூபாய்க் காசைப் போட்டுவிட்டுப் போனாள்.

சடையாண்டிக்கு எதுவும் காதில் விழவில்லை. முட்டி வலிக்கவில்லை. உடம்பின் பாரத்தை நாற்காலி வாங்கிக்கொண்டது. கால் சும்மா போய்ப் போய் வந்தது. வெள்ளாட்டுப் பக்கத்திலிருந்து செம்மறிப் பக்கம் போனார், வாசல் வரை போனார், திரும்பி வந்தார். மறுபடியும் போனார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

இறங்கியபோது ஆயக்குடி கொய்யாத்தோப்புக்காரர் ஒருவர் காத்திருந்தார். சடையாண்டி வழக்கம்போல இருவர் கை மேலும் துண்டைப் போட்டார். சந்தையில் விலை வாயால் பேசப்படுவதில்லை; துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. தோப்புக்காரர் பிடித்த விரல்கள் நல்ல விலை. ரோசலின் கேட்டதைவிட அதிகம்.

"ஏனுங்க, ஓட்டறதுக்கில்லீங்க. தோட்டத்து வாசல்ல நிறுத்தி, மேல கொய்யாப்பழக் கூடையை அடுக்கி வெச்சா பாக்க நல்லா இருக்குமுங்க" என்றார் அவர்.

சடையாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டை உருவிக்கொண்டு, விலை படியவில்லை என்றார். தோப்புக்காரர் முறைத்துவிட்டுப் போனார். முப்பது வருஷத்தில் படிந்த வியாபாரத்தைச் சடையாண்டி கெடுத்தது அதுதான் முதல் தடவை.

தானே வாங்கிக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. நான் தரகு பிடித்த உருப்படியை நானே வாங்கியதில்லை, வாங்கினால் என் துண்டைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர். ஒரே வழிதான் இருந்தது. ரோசலின் பக்கம் வேறொரு தரகர் நிற்க வேண்டும். அன்று சந்தையில் மிச்சமிருந்த தரகர் மொக்கைச்சாமிதான்.

ரோசலினுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, சடையாண்டி நொண்டிக்கொண்டே மொக்கைச்சாமியிடம் போனார். செருப்புக் கதையைச் சொல்லவில்லை. முட்டி போய்விட்டது, இந்த வண்டியில் வலி தெரியவில்லை, நீ தரகு பார்த்து எனக்கு முடித்துக்கொடு என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

மொக்கைச்சாமி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டார். சடையாண்டி தோப்புக்காரர் விலைக்கு மேல் ஒரு விரல் கூட்டிப் பிடித்தார். விலை படிந்தது. ஆனால் மொக்கைச்சாமி கையை விடவில்லை.

"எத்தன வருசமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு."

"எனக்கு மூணு" என்றார் மொக்கைச்சாமி.

துண்டுக்கு அடியில் இரண்டு கைகளும் செத்த நேரம் அப்படியே இருந்தன. இந்த ஆளுக்குப் பயந்தா இத்தனை வியாழக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தோம் என்று சடையாண்டிக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மொக்கைச்சாமி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அந்த அம்மாவிடம் இன்னொரு வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டேனே, அது எப்படி என்றார். சடையாண்டி பச்சையின் தேய்ந்த பல்லை நினைத்துப் பார்த்தார். பல்லை மாற்றிவிடலாம்.

"தங்கமான வண்டி. ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போறேன், தரகு எனக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. வேட்டி கட்டிட்டு வராத."