கயிற்றுக் காசு

அன்றைக்குத் தோணியில் இருந்தவர்கள் ஐந்து பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் பாதியிலேயே "வேற ஆர் பாத்தது?" என்று கேட்கிறார்கள். கொழும்பிலிருந்து விமான விசாரணைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர். அவர் பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சை அவருக்கும் சொல்ல வந்த அரசாங்கக் கந்தோர் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். கடலில் மூழ்கித் தேடச் சிலாவத்துறையிலிருந்து கூட்டிவந்த சுழியோடி காசிம் காக்கா. தோணிக்காரர் பிலிப்பு அண்ணர். பிறகு நான். ஒருவரும் குடித்திருக்கவில்லை, ஒருவருக்கும் நித்திரை மயக்கம் இல்லை, சூரியன் உச்சிக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பேய் பிசாசை நம்பினவன் இல்லை. பயந்தவன்தான், அதை மறைக்கவில்லை. காய்ச்சலுக்கும் கடன்காரனுக்கும் பொலிசுக்கும் பயந்தே எனக்கு நாள் போய்விடும், செத்தவர்களுக்குப் பயப்பட நேரம் இருந்ததில்லை.

என் அக்காவின் புருஷன் மரியான் அத்தான் பேசாலையில் பேர்போன சுழியோடி. முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு சங்குக்கு இறங்கினார், நான் அவருக்குக் கயிறு பிடித்தேன். எங்கள் பக்கத்தில் சுழியோடிக்குக் கயிறு பிடிப்பவன் அவனுடைய பெண்சாதியின் சகோதரனாகத்தான் இருப்பான். கயிற்றை விட்டால் தன் கூடப்பிறந்தவள்தான் தாலி இழப்பாள் என்ற நினைப்பு அவன் கையில் இருக்க வேண்டுமாம். இறங்குவதற்கு முதல் நாளே சுழியோடி அவனுக்குக் கயிற்றுக் காசு கொடுப்பான். அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டால் போகாமல் இருக்கக் கூடாது. போகாவிட்டால் கொடுத்தவன் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு கையில் கொடுத்தால் அது கொடுத்ததாகாது.

கயிற்று நுனியில் கட்டிய கல்லோடு கீழே போனவன் மூச்சு முடிகிறபோது கயிற்றை ஒருதரம் பலமாக இழுப்பான், மேலே இருப்பவன் ஒன்றும் யோசிக்காமல் தூக்க வேண்டும். எல்லோருக்கும் அந்த ஒரு இழுப்புத்தான். அத்தான் மட்டும் அடியில் கால் பட்டதும் முதலில் மெதுவாக இரண்டுதரம் சுண்டுவார். நான் மேலே நடுங்கிக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். பயப்படாதே, வந்து சேர்ந்துவிட்டேன் என்பது அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிற வேறு எவனும் அப்படி நேரத்தை வீணாக்க மாட்டான். மரியான் தன் மச்சானுக்குத் தாலாட்டுப் பாடிவிட்டுத்தான் சங்கு பொறுக்குவான் என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

சங்கும் குறைந்த காலத்தில், எங்கள் மன்னார்த் தீவில் விமானம் இறங்குகிற வெட்டையில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. எப்போதாவது ஒரு சின்ன விமானம் வந்து இறங்கும், இவர் தகரத்திலிருந்து பெற்றோல் ஊற்றிக் கொடுப்பார். சும்மா ஊற்ற முடியாது. புனலின் வாயில் ஒரு மெல்லிய தோலை விரித்து அதற்கு மேலேதான் ஊற்ற வேண்டும். பெற்றோல் தோலுக்குள்ளால் இறங்கிவிடும், தண்ணீர் கலந்திருந்தால் மேலேயே நின்றுவிடும். தண்ணீர் உள்ளே போனால் ஆகாயத்தில் இயந்திரம் நின்றுபோகுமாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை இளம் துரை ஒருவர் தனியாக வந்தார், பெற்றோல் நிரப்பினார், எழும்பினார். நாங்கள் கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றோம். தலைக்கு மேலே வந்த சத்தம் இருமல்போல விட்டுவிட்டு வந்தது, பிறகு சத்தமே இல்லை, ஒரு செட்டை சாய்ந்து விமானம் கடலுக்குள் போனது. அடுத்த நாள் துரையின் சடலம் கரையேறியது. இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும், ஒரு காலில் சப்பாத்து இல்லை. எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ என்று எங்கள் பெண்கள் அழுதார்கள்.

அன்றே வெட்டைக்குப் பொறுப்பான ஓவசியர் வந்து அங்கே இருந்த கொட்டிலைச் சோதித்தார். புனல் இருந்தது, தகரங்கள் இருந்தன, தோல் இல்லை. தோல் இல்லாமல் ஊற்றியிருக்கிறான், துரையைக் கொன்றவன் இவன்தான் என்று கதை எழும்பிவிட்டது. அத்தான் சொன்னது ஒன்றுதான். ஊற்றி முடிந்ததும் துரையே தோலை எடுத்துப் பிழிந்து தன் இருக்கைக்குப் பின்னால் இருந்த பைக்குள் செருகிக்கொண்டு போனார், அவரிடம் எப்படித் திருப்பிக் கேட்பது? அதை ஒருவரும் நம்பவில்லை. கொழும்பிலிருந்து விசாரணைத் துரை வரும்வரை விமானம் விழுந்த இடத்துக்கு எவனும் போகக் கூடாது என்று பொலிசு சொல்லிவிட்டுப் போனது.

வியாழன் பொழுதுபட அத்தான் என் வீட்டுக்கு வந்தார்.

"விடிய போவம் மச்சான். அஞ்சு பாகம்தான் ஆழம், ஒரு அஞ்சாள் உயரம். தோலை எடுத்துக் காட்டினால் என்ர சொல் மெய்யெண்டு ஆகும்."

"பொலிசு பாத்தால், அத்தான்?"

"பாத்தால் என்னைத்தானே பிடிக்கும். நீ கயிறைப் பிடி."

வழக்கமாக ஐம்பது சதம் தருபவர் அன்றைக்கு ஒரு ரூபாய் ஐம்பது சதம் தந்தார். வீட்டில் அவ்வளவுதான் இருந்திருக்கும். நான் வாங்கி முடிந்துகொண்டேன்.

இரவு முழுக்க எனக்குக் கண்ணில் மறியல்வீட்டுக் கம்பிதான். விடியப்புறம் அத்தான் வேலிக்கு வெளியே நின்று இரண்டுதரம் கூப்பிட்டார். நான் போர்வைக்குள் கிடந்தபடி மனைவியைக் கிள்ளினேன், அவள் எழும்பிப் போய்க் காய்ச்சல் என்றாள்.

"சரி, படுக்கட்டும். அவனை ஏசாதேங்கோ" என்றார். மணலில் அவர் நடந்துபோகிற சத்தம் கேட்டது.

மத்தியானம், அத்தான் தனியாகக் கொண்டுபோன தோணியைப் பிலிப்பு அண்ணர் வெறுமையாக இழுத்துவந்தார். கயிற்றின் ஒரு முனை தோணியில் கட்டியபடி இருந்தது, மறுமுனையில் கல் மட்டும். ஊரே இரண்டு நாள் தேடியும் சடலம் கிடைக்கவில்லை. பழிக்குப் பயந்து தானே போய்ச் செத்தான் என்று ஊர் பேசியது, அந்தப் பேச்சு வேதக் கோயிலுக்கும் போய்விட்டது. தற்கொலை என்றால் செத்தவனுக்குப் பூசை வைக்க முடியாது, விசாரணை முடியட்டும் என்று பங்குச் சுவாமியார் சொல்லிவிட்டார்.

அத்தான் மறைந்த ஆறாம் நாள் விசாரணைத் துரை வந்தார். மரியான் மறைந்த இடத்தில் இறங்கப் பேசாலைச் சுழியோடிகள் மாட்டோம் என்றார்கள், ஆகவேதான் காசிம் காக்கா. அவருடைய மைத்துனனுக்குச் சுகமில்லை, கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஒளித்துத் திரிந்த நாட்கள் அவை. அவளே தேடி வந்தாள்.

"உனக்குக் காய்ச்சல் விட்டுட்டுதோ?" என்று கேட்டாள். "அவர் சாகப் போகேல்லை, தோல் எடுக்கப் போனவர். அந்தப் பைக்குள்ள பாக்கச் சொல்லு. அவருக்கொரு பூசை வேணும் எனக்கு."

நான் கயிறு பிடிக்கப் போனேன். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. கயிறு புதுசு, காலையில்தான் கிளாக்கர் மன்னார்க் கடையில் வாங்கிவந்தது, தும்பு கையில் குத்தியது. துரை ஒரு பெட்டியில் குந்தி மடியில் எழுதுகிற கொப்பியோடு இருந்தார். காசிம் காக்கா முதல்தரம் போய் விமானம் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துவந்தார், இரண்டாம்தரம் பெற்றோல் குழாயின் திருகு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவந்தார், துரை எல்லாவற்றையும் எழுதினார். நான் கிளாக்கரிடம் கெஞ்ச, அவர் அரைமனதோடு துரையிடம் சொல்ல, துரை தலையாட்டினார். மூன்றாம்தரம் காக்கா இருக்கைக்குப் பின்னால் பார்க்கப் போனார்.

ஏறிவந்து, "இல்லை தம்பி, கைவிட்டுத் துழாவினனான். பைக்குள்ள மணல்தான்" என்றார்.

துரை கொப்பியை மூடினார். அக்காவிடம் போய் என்ன சொல்வேன்? இயந்திரத்தை மேலே தூக்கக் கயிறு கட்ட இன்னும் ஒருதரம் போக வேண்டியிருந்தது, அதனால் கல்லை மறுபடி கீழே இறக்கிவிட்டுக் கயிற்றைக் கையில் தளர்வாக வைத்துக்கொண்டு இருந்தேன். காசிம் காக்கா எனக்கு எதிரே குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இதை நன்றாகக் கேளுங்கள், அவர் எனக்கு எதிரேதான் இருந்தார், அவருடைய முழங்கால் என் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது.

கயிறு என் கையில் மெதுவாக இரண்டுதரம் சுண்டியது.

மீன் என்று சொல்வீர்கள், நீரோட்டம் என்று சொல்வீர்கள், நம்பினால் நம்புங்கள். பதினொரு வருடம் அந்தச் சுண்டலைப் பிடித்த கை இது. ஒரு மனிசன் மூச்சைப் பிடித்திருக்கக் கூடிய நேரம் போனது. பிறகு பலமாக ஒரு இழுப்பு. தோணி அந்தப் பக்கம் சாய்ந்தது, துரையின் பேனை உருண்டு தண்ணீருக்குள் விழுந்தது.

இழுத்தால் தூக்க வேண்டும், அதுதான் பழக்கம். நான் தூக்கினேன். பாரம். கல்லின் பாரம் எனக்குத் தெரியும், இது ஆளின் பாரம், என் அத்தானைத் தூக்கித் தூக்கிப் பழகின அதே பாரம். ஒரு பாகம் வந்தது, இரண்டாம் பாகம் வந்தது.

"ஆர்ரா தம்பி அது?" என்று காசிம் காக்கா மெல்லிய குரலில் கேட்டார்.

என் கை நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். திரும்பவும் இழுத்தபோது பாரம் இல்லை, மிச்சக் கயிறு கல்லோடு சும்மா வந்தது.

கல்லுக்குக் கொஞ்சம் மேலே, புதுக் கயிற்றில், நாலாக மடித்த தோல் ஒன்று கட்டியிருந்தது. அத்தான் இடதுகைக்காரர், அவர் போடும் முடிச்சு எப்போதும் எதிர்ப்பக்கமாக விழும். இதுவும் அப்படித்தான் விழுந்திருந்தது. பிலிப்பு அண்ணர் சிலுவை போட்டார். துரை தானே முடிச்சை அவிழ்த்துத் தோலை முகர்ந்து பார்த்துவிட்டு எங்களிடமும் நீட்டினார். ஒன்பது நாள் கடலுக்குள் கிடந்த தோல், பெற்றோல் மணத்தது. இதைக் கட்டியது யார் என்று கேட்கிறார் என்றார் கிளாக்கர். காசிம் காக்கா கடலில் குதித்தார். எவ்வளவோ நேரம் கழித்து ஏறிவந்து, கீழே ஒருவரும் இல்லை என்றார். அன்றைக்குப் பிறகு அவர் இந்தப் பக்கத்துக் கடலில் இறங்கவில்லை.

துரை கிளாக்கரின் பேனையை வாங்கி வெகு நேரம் சும்மா வைத்திருந்தார். கடைசியில் எழுதினது என்னவென்று பிறகு கிளாக்கரைக் கேட்டேன். தோல் கயிற்றில் வந்தது என்று மட்டும் எழுதினாராம்.

சில மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பெற்றோல் வடித்துத்தான் ஊற்றப்பட்டிருக்கிறது, பழுது இயந்திரத்துக்குள் இருந்தது, காவற்காரனில் குற்றமில்லை. அத்தான் எதற்குக் கடலுக்குப் போனார் என்பதும் அதில் இருந்தது. சுவாமியார் அக்காவின் வீட்டுக்குத் தானே நடந்துவந்தார். வெறும் பெட்டி வைத்துப் பூசை நடந்தது, துரையைக் கொன்றவன் என்று சொன்னவர்களும் வந்து முழங்காலில் நின்றார்கள்.

தோணியில் நடந்ததை அக்காவிடம் சொன்னேன். பாரமாக இருந்ததையும் சொன்னேன். என் கை நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்தைச் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடும்வரை சொல்லவில்லை, இங்கேதான் முதல்தரம் எழுதுகிறேன். நிற்காமல் தூக்கியிருந்தால் என்ன வந்திருக்கும்? வேண்டாம், அதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது. இப்போதும் சில நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலது உள்ளங்கையில் மெதுவாக இரண்டுதரம் சுண்டுகிறது. நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பலமான இழுப்புக்காகக் காத்திருப்பேன். அது வருவதில்லை.

பூசை முடிந்த அன்றைக்கு அந்தக் கயிற்றுக் காசை அக்காவிடம் நீட்டினேன். அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என்னட்டைத் தராத. அவர்ர கையில குடு" என்றாள்.

ராசாவின் தலை போட்ட காசு, இன்றைக்கு எந்தக் கடையிலும் செல்லாது. முடிந்த துணியை இரண்டுதரம் மாற்றிவிட்டேன், காசு அப்படியே பெட்டிக்குள் கிடக்கிறது. மரியான் அத்தானுக்கு நான் கொடுக்க வேண்டியது ஒரு ரூபாய் ஐம்பது சதம்.