அப்பாவைக் கூப்பிடப் போன பின்னேரம்

என் அப்பா மேடைக்குத் தானாகப் போகமாட்டார். மற்ற நாட்களில் குருநகரில் எல்லோரையும்போலக் கடலுக்குப் போகிற மனிதர்தான். ஆனால் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பெருநாளில் அவர் பாட்டுக்காரர். அம்மாவின் தம்பிகளான மாமாமார் மூவரும் முதலில் ஏறி, கிற்றாரிலும் ட்ரம்ஸிலும் இரண்டு பாட்டை வெறும் இசையாக வாசிப்பார்கள். அதற்குள் வீட்டில் காத்திருக்கும் அப்பாவைக் கூட்டிவர என்னை அனுப்புவார்கள். சனத்தை விலக்கிக்கொண்டு அவர் அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்துவரும்போதே கைதட்டல் தொடங்கிவிடும். நோட்டீசில் அவர் பெயர் பெரிதாக இருக்கும். மாமாமார் கீழே 'குழுவினர்' என்ற ஒரே சொல்லுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் கோட்டையில் இருந்த ஆமி ஷெல் அடித்துக்கொண்டிருந்தது. பொழுதுபடுவதற்குள் எல்லாம் முடியவேண்டும் என்று பங்குச் சுவாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கிவிட்டார்கள். முதல் பாட்டை வாசித்து முடித்ததும் பெரியமாமா மேடையில் இருந்து குனிந்தார்.

"பிள்ளை, ஓடிப்போய்க் கொப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. நேரமில்லை."

ஓடினேன்தான். கோயில் வாசலில், பஞ்சுபோல வாயில் கரையும் தும்பு முட்டாஸ் விற்பவர் நின்றார். கையில் காசு இருந்தது. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வாங்கி வாயில் வைக்கும்போது ஒலிபெருக்கியில் பெரியமாமாவின் குரல் கேட்டது. அப்பாவைக் காணாததால் சும்மா நிற்கவும் முடியாமல், கடற்கரை வாடியில் மீனைத் தரம் பிரிக்கும்போது பாடுகிற ஒரு பைலா ஆட்டப்பாட்டை எடுத்துவிட்டிருந்தார். சனம் கதிரைகளைத் தள்ளிவிட்டு எழும்பி ஆடியது. நானும் திரும்பி ஓடிவந்து ஆடினேன். அப்பாவை மறந்தே போனேன். இதை எப்படிச் சொன்னாலும் அழகாக வராது.

நாலாவது பாட்டில்தான் நினைவு வந்தது. விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினேன். வீடு மூன்று வளவு தள்ளித்தான். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் அங்கே தெளிவாகக் கேட்டது. அப்பா கதிரை நுனியில் இருந்தார்.

"என்னைக் கூட்டிவரச் சொன்னவையோ?"

பிந்தியதற்கு அடி விழும் என்று பயந்தேன்.

"இல்லையப்பா. ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, நீ போய் விளையாடு" என்றார்.

மாமாமாருக்கு இணுவில், அச்சுவேலி, உரும்பிராய் என்று அழைப்புகள் வந்தன. குழுவுக்குப் பெயர் வைத்து, நோட்டீசில் அதைப் பெரிதாக அடித்தார்கள். சொல்லியனுப்பியும் அத்தான் வரவில்லை, அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டார் என்று அவர்களுக்குக் கோபம். மச்சான்மார் சேர்ந்து விலத்திவிட்டார்கள் என்று அப்பாவுக்குக் கோபம். யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் என் முதுகுத் தோல் உரிந்திருக்கும், உறவு பிழைத்திருக்கும். இரண்டு பக்கமும் ரோசக்காரர்கள், கேட்கவில்லை. நடுவில் நின்று அம்மா அழுதார். நான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சீனி திருடியதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

அடுத்த வருடப் பெருநாளில் மேடை முழுக்க மாமாமார்தான். அன்று மத்தியானமே அப்பா முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து, வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தார். ஒலிபெருக்கி ஓயும்வரை எழும்பவில்லை. பெருநாள் என்றபடியால் உடுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"இண்டைக்கு நல்ல வடிவாய் இருக்கிறியள் அப்பா" என்றுகூடச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சேட்டைக் கழற்றி மடித்து வைத்தார்.

யாராவது கூட்டிப்போக வருவார்கள் என்றுதான் அவர் அப்படி இருந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது இன்றைக்கும் தெரியவில்லை.